ஆஹா அண்ணாச்சியும் தவணை சோபாக்களும்

தாராவி முதல் மான்குர்த் வரை, தவணையில் வாங்கப்பட்ட எந்த சோபாவும் ஆஹா அண்ணாச்சியின் பாராட்டிலிருந்து தப்பியதில்லை. சோபா மட்டுமா? பிரிட்ஜ், பைக், வாஷிங் மெஷின், சுவரை அடைத்துக்கொண்டு நிற்கும் டி.வி. என்று எதுவாக இருந்தாலும் சரி, தவணை பாக்கி விழுந்த மறுவாரம் அண்ணாச்சி அந்த வீட்டு வாசலில் நிற்பார். வந்து பணம் கேட்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? அதுதான் கிடையாது. கடன் வசூலுக்குப் போய், கடனைப் பற்றி வாயே திறக்காமல், பாக்கியை முழுதாக வாங்கி வரும் ஒரே ஆள் இந்த மும்பையில் அவர்தான். இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வருகிறது. வரட்டும். அவர் எங்கள் சால்காரர்.

சால் என்றால் வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும் அறைகள். ஒவ்வோர் அறைக்கும் கோலி என்று பெயர். ஒரு கோலியில் தும்மினால் அடுத்த கோலியில் ஆவி பிடிக்கத் தண்ணீர் வைப்பார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள்தான் எங்கள் சாலில் அதிகம். அண்ணாச்சிக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சர்ச் ரிஜிஸ்டருக்கும் அவருக்கும் மட்டும் தெரியும். மற்ற எல்லாருக்கும் அவர் ஆஹா அண்ணாச்சிதான்.

பொருள்களுக்குத் தவணைக் கடன் கொடுக்கும் ஒரு கம்பெனியில் அவருக்கு வசூல் வேலை. அந்தத் தொழிலில் இருக்கிற மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. போனிலேயே பாட்டன் பூட்டன் வரை இழுத்துத் திட்டுவார்கள். நம் அண்ணாச்சி, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், வேதப்பாடப் பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி வருவார். கையில் ஒரு ஹெல்மெட் இருக்கும். ஆனால் அவரிடம் வண்டி கிடையாது. பைக் கடன் பாக்கி வைத்தவர்களின் பின்சீட்டில்தான் அவருடைய போக்குவரத்து முழுவதும். சயான் சிக்னலில் உட்கார்ந்துகொண்டு, "ஆஹா! என்ன பிக்கப்பு! குலுங்கவே மாட்டேங்கே! மாவு அரைச்ச மாதிரில்லா போவுது!" என்று பின்னாலிருந்து அவர் பாராட்டிக்கொண்டே வர, பக்கத்து வண்டிக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்ப்பார்கள். செம்பூர் போய்ச் சேருவதற்குள் ஓட்டுகிறவர் போனை எடுத்துப் பணத்தை அனுப்பியிருப்பார்.

அவருடைய வசூல் முறையை நான் முதலில் கண்ணால் பார்த்தது எங்கள் சாலிலேயே, செல்வின் வீட்டில். செல்வின் தோல் பை தைக்கும் பட்டறையில் மேஸ்திரி. தீபாவளி போனஸ் வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியதுமே, மூலை திரும்பும் பெரிய சோபா ஒன்றை வாங்கிப் போட்டுவிட்டார். சோபா உள்ளே வந்தது. அதன் பிறகு கதவு பாதிதான் திறந்தது. வீட்டுக்காரர்கள் நண்டு மாதிரி பக்கவாட்டில் நுழைந்தார்கள். அவர் மனைவி மேரி அக்கா, அடுப்படிக்குப் போக வேண்டுமென்றால் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சோபா மேல் ஏறி இறங்க வேண்டும். போனஸ் பேச்சு பேச்சாகவே நின்றுபோனது. தவணை மட்டும் நிற்கவில்லை.

அண்ணாச்சி வந்தார். பக்கவாட்டில் நுழைந்தார். சோபாவில் உட்கார்ந்து ஒரு தடவை எழும்பிக் குதித்துப் பார்த்தார்.

"ஏ யப்பா! ஆஹா! ஏல செல்வினு, இது சோபாவா, சிம்மாசனமால? ஏ சாராக்கா, சோலியப் போட்டுட்டு இங்க வாங்க! இதுல ஒரு தடவ உக்காந்து பாருங்க. ஆளையே உள்ள வாங்குது பாத்தியளா!"

எதிர் கோலி சாராக்கா வந்தார். அவருக்குப் பின்னால் சாலே வந்தது. ரேஷன் கடை மாதிரி வரிசை நின்றது. ஒவ்வொருவரும் உட்கார, ஒவ்வொருவருக்கும் அண்ணாச்சி விளக்கம் சொன்னார். "துணியத் தடவிப் பாருங்க, பூனைக்குட்டி கணக்கா இருக்கு. செல்வினு லேசுப்பட்ட ஆளுன்னு நெனச்சுராதீங்க, சரியான ரசிகன்!" செல்வினுக்கு நெற்றி வியர்த்துவிட்டது. மேரி அக்கா அவர் காதில், "ஏங்க, யார்கிட்டயாவது பொரட்டிக் குடுத்துத் தொலைங்க. இல்லன்னா இந்தக் கூட்டத்துக்கு பூரா நாந்தான் சாயா போடணும்" என்றார். அன்று சாயங்காலமே பாக்கி வந்துவிட்டது.

கோவண்டியில் இருக்கும் என் சித்தி வாஷிங் மெஷின் வாங்கிய கதை இன்னும் விசேஷம். சித்தி இருக்கும் இடத்தில் விடியற்காலையில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் வரும். அதுவும் நூல் மாதிரி வரும். மெஷினோ ஆறு மாதிரி தண்ணீர் கேட்கிற ஜாதி. "எதுக்கு சித்தி இது?" என்று கேட்டதற்கு, "எதுத்த வீட்டு மராட்டிக்காரி வாங்கிட்டாடா" என்றார். குழாய்த் தொடர்பே கொடுக்கப்படாத அந்த மெஷினுக்குள் சித்தி அரிசியையும் உளுந்தையும் போட்டு வைத்திருந்தார். அண்ணாச்சி மூடியைத் திறந்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். "ஆஹா! எலி ஏறாது, எறும்பு ஏறாது. அரிசிக்கு இதவிடப் பத்திரமான எடம் மும்பையிலயே கெடையாது தாயி!" சித்தி சிரித்துச் சிரித்துப் புரையேறி, உளுந்துக்கு அடியில் வைத்திருந்த பணத்தை எடுத்துக் கொடுத்தார்.

கைக்கும் வாய்க்குமாகச் சம்பாதிக்கிறவர்கள் கதை இப்படி என்றால், மாட்டுங்காவில் இருந்த ஒரு கம்பெனி மேனேஜர் கதை வேறா? அதுவும் இதே கதைதான். என்ன, இங்கே லிப்ட் உண்டு.

மேனேஜருக்கு ஒரு மாதம் வருகிற சம்பளத்தைச் செல்வின் வருடம் முழுவதும் தைத்தாலும் பார்க்க முடியாது. ஆனாலும் மாதம் பாதி தாண்டினால் இருவரும் ஒரே மாதிரிதான் பெருமூச்சு விட்டார்கள். மேனேஜர் பெரிய கார் வாங்கியிருந்தார். அவர் இருந்த பழைய கட்டடத்தில் அதை நிறுத்த இடமில்லை. தாதரில் மாத வாடகைக்கு ஓர் இடம் பிடித்து நிறுத்தியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் லோக்கல் ரயிலில் தாதர் போவார். உறையை நீக்கிக் காரைத் துடைப்பார். கொஞ்ச நேரம் உள்ளே உட்கார்ந்திருப்பார். பிறகு உறையை மாட்டிவிட்டு ரயிலிலேயே திரும்பி வருவார். ஹாஸ்டலில் விட்ட பிள்ளையைப் பார்க்கப் போகும் தகப்பன்கூட அத்தனை ஒழுங்காகப் போகமாட்டான்.

அண்ணாச்சி அவரைக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பிடித்தார். வாட்ச்மேன், பால்காரர், கட்டடச் செயலாளர் எல்லாரும் இருந்தார்கள்.

"சார், தாதர்ல போயி காரப் பாத்துட்டு வாரேன். ஆஹா! என்ன கருப்பு சார் அது! மொகம் பாத்துத் தல சீவிக்கிடலாம்!"

"அண்ணாச்சி, மெதுவா பேசுங்கோ. சொசைட்டில எல்லாரும் கேக்கறா."

"கேக்கட்டுமே சார்! நல்ல சேதிதான!"

மேனேஜர் அவரை லிப்டுக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினார். மேலே போய்ச் சேருவதற்குள், "எனக்கு வர்றது பத்தல அண்ணாச்சி, நம்புங்கோ" என்று ஏறக்குறைய அழுதே விட்டாராம். அடுத்த வாரம் கிரெடிட் கார்டுகளில் ஒன்றைக் கத்தரித்துப் போட்டுவிட்டு பாக்கியை அடைத்தார். மிச்சக் கார்டுகளை வெட்டினாரா என்று அண்ணாச்சி விசாரிக்கவில்லை. "அது வேற கம்பெனி சோலி" என்றுவிட்டார்.

அண்ணாச்சியின் புகழ் கம்பெனி முழுவதும் பரவி, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அவரை வைத்தே வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். ஒருத்தர் வகுப்பு முடிந்த ஜோரில் ஒரு வீட்டு வாசலில் நின்றபடியே "ஆஹா, என்ன பிரிட்ஜ்!" என்று கத்தினார். அந்த வீட்டுக்காரர் பிரிட்ஜைப் போன மாதமே விற்றிருந்தார், விற்ற பணத்தை மனைவிக்குத் தெரியாமல் சீட்டாட்டத்தில் விட்டிருந்தார். பாராட்டியவர் படியிறங்கி ஓடி வந்த வேகத்தை இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். அத்தோடு வகுப்பை நிறுத்திவிட்டார்கள்.

எனக்கு வெகுநாளாக ஒரு சந்தேகம். மனுஷனை இப்படி நாலு பேர் முன்னால் வெட்கப்பட வைத்து வாங்குவது, திட்டி வாங்குவதைவிடக் குரூரம் இல்லையா? ஒருநாள் சாயாக் கடையில் வைத்துக் கேட்டே விட்டேன். அண்ணாச்சியின் முகம் வாடிவிட்டது. கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

"தம்பி, நான் நக்கலுக்கா சொல்லுதேன்னு நெனச்சீங்க?"

"பின்ன?"

"அந்த சோபா நெசமாவே நல்ல சோபா தம்பி. அது வந்து எறங்குன அன்னைக்கு யாரு வந்து பாத்தா, சொல்லுங்க? ஒருத்தனும் பாக்கல. பக்கத்து கோலிக்காரன் கதவச் சாத்திக்கிட்டான். எவனாவது ஒருத்தன் நல்லாருக்குன்னு சொல்லுவான்னு செல்வினு பாட்டுக்குக் காத்துக்கெடந்தான். நாலு மாசம் காத்துக்கெடந்துட்டு, சோபா சரியில்ல போல, டி.வி. வாங்குவோம்னு கெளம்பிருதான். மாட்டுங்கா சாரும் அப்படித்தான். அவுகளுக்குத் துட்டு பத்தாம இல்ல, ஆஹா பத்தல. நான் போயி அதச் சொல்லிருதேன். மனசு நெறஞ்சுட்டுன்னா துட்டு தன்னால வரும். அடுத்த சாமான் வாங்கவும் மாட்டான்."

இத்தனை நாளாகச் சால் முழுவதும் அவரைப் பெரிய கிண்டல்காரர் என்று கொண்டாடிக்கொண்டிருந்தோம். மனுஷன் ஒரு தடவைகூடக் கிண்டல் செய்ததே இல்லை. அவருடைய கோலியில் தவணைப் பொருள் என்று ஒரு ஸ்பூன் கிடையாது. அதனால்தான் அடுத்தவர் வீட்டுப் பொருளை அத்தனை ஆசையாக அவரால் பார்க்க முடிந்தது என்று இப்போது தோன்றுகிறது.

அப்படிப்பட்டவருக்கே ஒரு கிறுக்குப் பிடித்தது. மகள் ஜெபாவின் கல்யாணம் வந்தது.

ஜெபா செம்பூர்ப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாப்பிள்ளை அங்கேயே லேபில் வேலை பார்ப்பவர். தங்கமான பையன், ஒன்றும் கேட்கவில்லை. வினை ஊரிலிருந்து வந்தது. அண்ணாச்சியின் அண்ணன் ஊரில் பெட்ரோல் பங்க் வைத்திருப்பவர். தன் மகள் கல்யாணத்தைப் பெரிய மண்டபத்தில் வைத்து, பந்தலுக்கு மேலே கேமராவைப் பறக்க விட்டு அமர்க்களப்படுத்தியவர். அதே கல்யாணத்தில், சொந்தக்காரர்கள் மத்தியில், "எந் தம்பி பம்பாயில கதவத் தட்டிப் பொழைக்கான்" என்று அறிமுகம் செய்து வைத்தவரும் அவர்தான். அந்த ஒரு வரி அண்ணாச்சியின் தொண்டையில் முள்ளாக நின்றிருக்கிறது. எங்களுக்குத் தெரியாது.

ஒருநாள் அண்ணாச்சி என்னைச் செம்பூரில் ஒரு ஹாலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். வாசலில் நீரூற்று. உள்ளே கண்ணாடிப் படிக்கட்டு. ஹால் மேனேஜர் ஹிந்தியில் அளந்து விட்டார். மணமக்கள் புகைக்கு நடுவே மேலிருந்து ஊஞ்சலில் இறங்குவார்களாம். நான் அண்ணாச்சியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ஆஹா வரவில்லை. சுற்றிப் பார்த்துவிட்டு, வறண்ட குரலில், "தவணையில கட்டலாமா?" என்றார்.

நான் அவரை ஓரமாக இழுத்தேன்.

"அண்ணாச்சி, இவ்வளவுக்கு எங்க போவீங்க?"

"கோலி இருக்குல்லா. பேப்பர வச்சா ஒரு சேட்டு தாரேங்கான்."

"கோலியையா? அடகுல மூழ்கிப்போச்சுன்னா எங்க போய் இருப்பீங்க?"

"அண்ணன் வருவான் தம்பி. இந்தப் படியில ஏறும்போது அவன் ஒரு வார்த்த சொல்லணும். அது போதும். பொறவு பாத்துக்கிடலாம்."

தாராவியில் ஒரு கோலி என்றால் என்னவென்று தாராவிக்காரர்களுக்குத்தான் தெரியும். இடித்துக் கட்டப் போகிறார்கள், கோலி வைத்திருப்பவர்களுக்கு மாடி வீடு வரப்போகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில், கையில் இருக்கிற அந்தப் பத்துக்குப் பத்தை விட்டவன் திரும்ப இந்த ஊருக்குள் கால் வைக்க முடியாது. ஊர் முழுக்கத் தவணைக்காரர்களைப் பார்த்த மனுஷன், எல்லாரையும் தூக்கிச் சாப்பிடுகிற தவணைக்குக் கையெழுத்துப் போடப் போகிறார். நான் நேராக ஜெபாவிடம் போய்ச் சொல்லிவிட்டேன். கோள் சொன்னேன் என்றால் சொன்னேன்தான், அதற்காக இன்றைக்கும் நான் வருத்தப்படவில்லை.

ஜெபா டியூட்டி முடிந்து வந்தாள். நானும் பின்னாலேயே போய் அவர்கள் கோலி வாசலில் நின்றுகொண்டேன். சத்தம் போடவில்லை. நர்ஸ் அல்லவா, ஊசி போடுவதற்கு முன்னால் பேச்சுக் கொடுக்கிற குரலில் ஆரம்பித்தாள்.

"அப்பா, ஹால் பாத்தியளாமே. பெரியப்பா வந்து ஒண்ணும் சொல்லலைன்னா என்ன செய்வீங்க?"

"அதெப்படி சொல்லாம இருப்பான்? அந்த நீரூத்தப் பாத்தாலே சொல்லுவான்."

"சரி, சொல்லுவாங்க. நீங்க வசூலுக்குப் போற வீடுகளப் பத்திக் கேக்குறேன். செல்வின் மாமா சோபா வாங்குனது அவங்க மொதலாளி பாக்கணும்னுதான? மொதலாளி வந்து பாத்தாரா?"

"இல்ல."

"மாட்டுங்கா சாரோட கார? அவரோட மச்சான் பாக்கணும்னு வாங்குனாரு. பாத்தாரா?"

"அவன் அமெரிக்காவுல கெடக்கான்."

"யாரு பாக்கணும்னு வாங்குனாங்களோ, அந்த ஆளு வந்து நல்லாருக்குன்னு சொன்ன வீடு ஒண்ணு காட்டுங்க. ஒரே ஒரு வீடு."

அண்ணாச்சி யோசித்தார். கோவண்டி, மான்குர்த் என்று ஊர் ஊராக மனதுக்குள் போய் வந்தார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"ஒருத்தனும் வரலட்டி" என்றார். "நாந்தான் போயி சொன்னேன்."

பிறகு, சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரி கேட்டார்: "அப்ப எனக்கு யாரு சொல்லுவா?"

ஜெபாவுக்கு அதற்கு மேல் நர்ஸ் குரல் வரவில்லை. "நான் சொல்லுதேன்பா" என்று அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். நான் வாசலில் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். ஹாலுக்குப் போன் பண்ணி வேண்டாம் என்று சொன்னது நான்தான். அந்த ஹால் மேனேஜர் ஹிந்தியில் திட்டியது என் காதுக்கு மங்கள வாத்தியம் மாதிரி இருந்தது.

கல்யாணம் எங்கள் சர்ச்சிலேயே நடந்தது. சாப்பாடு சர்ச் வளாகத்தில் ஷாமியானா போட்டு. சமையல் எங்கள் சால் ஆட்கள். மட்டன் பிரியாணி வாசனை ரயில்வே லைன் வரைக்கும் போனது. அண்ணன் குடும்பத்தோடு வந்து இறங்கினார். பட்டு வேட்டி, கைக்கடிகாரம், முகத்தில் ஒரு சலிப்பு. ஷாமியானாவின் ஒட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். பக்கத்திலிருந்த என்னிடம், "மண்டபம் கிண்டபம் ஒண்ணும் கெடைக்கலையோ?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் கூட்டம் வர ஆரம்பித்துவிட்டது.

கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். சர்ச் வாசலுக்கு வெளியே தெருவை அடைத்துக்கொண்டு நின்றார்கள். தமிழ், மராட்டி, ஹிந்தி என்று எல்லாம் கலந்து கேட்டது. பெரிய மனுஷர் இருக்கிறாரே என்று ஒவ்வொருவரும் வந்து அண்ணனிடம் தங்களை அறிமுகம் செய்துகொண்டார்கள்.

"வணக்கம்யா, நான் செல்வின். சோபா."

"என்னது?"

"சோபாக் கடன்யா. அண்ணாச்சிதான் வசூலுக்கு வருவாக."

அடுத்து என் சித்தி. "வாஷிங் மெஷினு. போன மாசம்தான் முடிஞ்சது."

ஹெல்மெட்டும் கையுமாக ஒரு கூட்டமே வந்து, "பைக்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பந்திக்குப் போனது. மாட்டுங்கா மேனேஜர் குடும்பத்தோடு வந்தார். தயங்கினார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "நான் வந்து... கார்" என்றார்.

அண்ணன் என் பக்கம் திரும்பினார். சலிப்பெல்லாம் போய், வாய் திறந்திருந்தது. "ஏன் தம்பி, கடன் வாங்குனவன் வசூல்காரனக் கண்டா சந்துல பாஞ்சு ஓடுவான். இவனுவ என்னன்னா பொண்டாட்டி புள்ளையோட விசேஷத்துக்கு வாரானுவ?"

"அதான்யா எங்க அண்ணாச்சி" என்றேன். எனக்கு அன்று நெஞ்சு அரை அடி முன்னால் தள்ளித்தான் நின்றது.

சாப்பிட்டவர்களும் போகவில்லை. இலை எடுத்தார்கள், தண்ணீர் ஊற்றினார்கள். மேனேஜர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஐஸ்கிரீம் கொடுத்தார். அண்ணன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் எழுந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, பந்திக்கு நடுவில் வாளியும் கையுமாக ஓடிக்கொண்டிருந்த தம்பியின் முன்னால் போய் நின்றார்.

"ஏல, நானும் மண்டபம் புடிச்சு நடத்துனேன். வந்தானுவ, தின்னானுவ, போயிட்டானுவ. ஒனக்கு இருக்க கூட்டம் எனக்கு இல்லல. ஆஹான்னு நடத்திட்டல தம்பி."

கோலியை அடகு வைத்தாவது வாங்கிவிடத் துடித்த வார்த்தை. அது இதோ, இலவசமாக, எதிரே வந்து நிற்கிறது. நான் அண்ணாச்சியின் முகத்தையே பார்த்தேன்.

"அண்ணே, பொறவு பேசுவோம், கொஞ்சம் தள்ளு. அந்தக் கடைசி வரிசைக்குக் கறி வரல!" என்று அண்ணனைத் தோளால் இடித்துக்கொண்டு ஓடிவிட்டார் அண்ணாச்சி. அவர் அதைக் கேட்டாரா என்பதே எனக்குச் சந்தேகம்தான்.

எங்கள் சாலிலிருந்து பெரிய வேலைக்குப் போனவர்கள் உண்டு. வெளிநாடு போனவர்கள் உண்டு. நானும் இப்போது செம்பூரில் இருக்கிறேன். ஆனாலும் தாராவியில் எந்த சால் என்று யாராவது கேட்டால், என் வாயில் இன்றும் தன்னால் வருவது ஒரே விலாசம்தான்: ஆஹா அண்ணாச்சி இருக்கிற சால்.